துவக்கைக் காப்பது எண்ணெய் அல்ல

கலாஷ்னிகோவைச் சேற்றில் புதைத்து, ஒரு மாரி கழித்துத் தோண்டி, உதறிவிட்டுச் சுடலாம் என்ற கதையைக் கேட்காமல் வளர்ந்த இலங்கைத் தமிழர் இருக்க முடியாது. துவக்கைக் கையால் தொட்டேயிராதவர்தான் அதைக் கூடிய உறுதியோடு சொல்வார். பின்னாலேயே இரண்டாவது கதை வரும்: துவக்குக்கு வேண்டியது எண்ணெய், எண்ணெய் காயாமல் பார்த்துக்கொண்டால் அது கைவிடாது. மூன்றாவதும் உண்டு: மகசினில் ரவையை நிரப்பியபடியே விட்டால் ஸ்பிரிங் செத்துவிடும், இடைக்கிடை இறக்கி அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும். வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற பொலிஸ்காரர், வங்கி வாசலில் காவற்கடமை பார்ப்பவர், பள்ளிக்கூடக் கடேற் அணியில் இரண்டு தவணை நின்றவர் என்று யாரைக் கேட்டாலும் இந்த மூன்றும் பாடம் ஒப்புவிப்பதுபோல வரும். முதலாவது அரைப் பிழை. மூன்றாவது முக்காற் பிழை. நடுவிலுள்ளது, மகசின் விடயத்தில், முழுப் பிழை. அதுவும் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் ஊரில்.

துவக்கைப் பற்றி எழுத வெள்ளவத்தைக்காரருக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒரு வேட்டைத் துவக்குக்கூட வீட்டில் இருக்க முடியாது, தானியங்கி என்றால் பேச்சே இல்லை. அப்படியே இருக்கட்டும். ஆனால் பார்ப்பதற்கு எங்களுக்கு யாரும் குறை வைக்கவில்லை. போர்க்காலம் முழுவதும் காலி வீதியிலும் குறுக்குத் தெருக்களின் முனையிலும் கலாஷ்னிகோவ் வகையைச் சேர்ந்த ரி-56 நின்றது. அடையாள அட்டையை நீட்டிவிட்டு, அது கைக்குத் திரும்பும்வரை படைவீரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? கண் தானாக நெஞ்சளவுக்கு இறங்கும். நெஞ்சளவில் இருந்தது மகசின்.

அங்கே அடிக்கடி கண்ட வழக்கம் ஒன்று. இரண்டு மகசின்களைத் தலைமாறிச் சேர்த்துக் கறுப்பு இன்சுலேஷன் ரேப்பால் சுற்றியிருப்பார்கள். ஒன்று தீர்ந்ததும் கழற்றித் திருப்பி மற்றதைக் கொளுவலாம். பார்க்க வீரமாக இருக்கும். சினிமாவிலும் அப்படித்தான் வரும். ஆனால் கீழே தொங்கும் மகசினின் வாய் எப்போதும் நிலத்தைப் பார்த்தபடி இருக்கும். மண்மூட்டைக்குப் பின்னால் முழந்தாளிட்டால் அந்த வாய் மணலில் உரசும். வாயில் தெரியும் மேல் ரவையின் செப்பு நிறத்தில் எண்ணெய் மினுங்கும். அந்த எண்ணெயில் மணல் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருக்கும். எண்ணெய் இல்லாதிருந்தால் அந்த மணல் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினாலே உதிர்ந்திருக்கும். நான் சொல்லவருவதில் பெரும்பகுதி அந்த ஒட்டலுக்குள் அடங்கிவிடும்.

மகசின் ஒரு வெறும் தகரப் பெட்டி என்ற நினைப்பிலிருந்துதான் எல்லாப் பிழையும் தொடங்குகிறது. பெட்டிக்குள் நீண்டதொரு ஸ்பிரிங். அதன் தலையில் ரவையைத் தாங்கும் தட்டு. மேலே ரவை வெளியே பாய்ந்துவிடாமல் இரு பக்கமும் உள்நோக்கி வளைந்த விளிம்புகள். கீழே கழற்றக்கூடிய அடித்தட்டு. அவ்வளவுதான் உறுப்புகள். செய்யும் வேலையைப் பாருங்கள். கலாஷ்னிகோவ் வகைத் துவக்கு நிமிடத்துக்குச் சுமார் 600 ரவை என்ற வேகத்தில் இயங்குகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் பழைய கோது வெளியே போக வேண்டும், அடுத்த ரவை மேலே எழும்ப வேண்டும், எழும்பியது சரியான கோணத்தில் நிற்க வேண்டும், முன்னே வரும் போல்ட் அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். நிரம்பிய மகசினில் ஸ்பிரிங் தூக்குவது முப்பது ரவைகளை, கிட்டத்தட்ட அரைக் கிலோவை. துவக்கின் மற்ற உறுப்புகளுக்கு வெடிவாயுவின் பலம் இருக்கிறது. மகசினுக்கு இருப்பது அந்த ஒரு கம்பிச் சுருளின் பலம் மட்டும். உள்ளே பிசுக்கு இருந்தால் அந்தப் பலத்தில் ஒரு பங்கைப் பிசுக்கு தின்றுவிடும். விளிம்பு ஒரு மில்லிமீற்றர் வளைந்தாலும் ரவையின் மூக்கு மேலேயோ கீழேயோ பார்க்கும். "துவக்கு சிக்கிவிட்டது" என்று நாம் சொல்வதில் கணிசமான பங்கு மகசினின் கணக்கில் எழுதப்பட வேண்டியது. எழுதப்படுவது துவக்கின் கணக்கிலோ, சுட்டவரின் தலைவிதியிலோ.

இப்போது அந்தச் சேற்றுக் கதைக்கு வருவோம். கலாஷ்னிகோவ் நம்பகமானது என்பதை நான் மறுக்கவில்லை. ஏன் நம்பகமானது என்பதில்தான் கதை பிழைக்கிறது. உள்ளே அசையும் உறுப்புகளுக்கு இடையில் தாராளமான இடைவெளி விட்டிருக்கிறார்கள். குழலின் உட்புறத்துக்குக் குரோமிய முலாம் இருக்கிறது. 7.62×39 ரவையின் கோது நுனியை நோக்கி நன்றாக ஒடுங்கிச் செல்வதால் குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் இலகுவாக நுழைந்து இலகுவாகக் கழலும். அந்த ஒடுக்கத்தால்தான் மகசினுக்கும் வாழைப்பழ வளைவு வந்தது. மகசினோ தடித்த உருக்கு. அதன் வாய் விளிம்புகள் மேலும் தடிப்பாக்கப்பட்டவை, சாமானிய அடிக்கு வளையாதவை. ஆக, அந்தத் துவக்கின் புகழில் பாதி அதன் மகசின் சம்பாதித்துக் கொடுத்தது. சேறு ஒன்றும் சம்பாதித்துக் கொடுக்கவில்லை. பாதுகாப்பு நெம்பைக் கீழே இறக்கியதும் வலப்பக்கத்தில் நீளமாக ஒரு திறப்புத் தோன்றும். சேறு உள்ளே போவதற்கு அதைவிட வசதியான வாசல் வேண்டாம்.

இதற்கெல்லாம் மேலே ஒரு சாட்சி இருக்கிறது. துடைக்கவே தேவையில்லை என்று சொல்லப்படும் இந்தத் துவக்கின் குழலுக்குக் கீழே, எல்லோர் கண்ணுக்கும் தெரிய, நீளமான ஒரு துடைப்புக் கம்பி செருகப்பட்டிருக்கிறது. மரப் பிடி உள்ளவற்றின் பின்கட்டைக்குள் ஒரு சிறு மூடி. அதைத் திறந்தால் தூரிகையும் கருவிகளும் அடங்கிய குப்பி. தேவையில்லாத வேலைக்கு இத்தனை சாமானைப் படைவீரரின் தோளில் சுமத்த சோவியத் படைக்கு என்ன வேண்டுதல்? அதோடு சேர்த்து வழங்கப்பட்ட எண்ணெய்ப் போத்தலையும் கவனியுங்கள். தட்டையான தகரப் போத்தல், நடுவில் தடுப்பு, மேலே இரண்டு மூடிகள். ஒரு பக்கத்தில் எண்ணெய். மறுபக்கத்தில் காரக் கரைசல். எண்ணெயே போதும் என்றிருந்தால் இரண்டாவது அறை எதற்கு?

அந்த இரண்டாவது அறைக்குள்தான் இரண்டாவது கதைக்கான பதிலும் இருக்கிறது.

பழைய இராணுவ ரவைகளின் வெடிமூட்டியில் பொட்டாசியம் குளோரேட்டு இருந்தது. வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைட்டாக மாறி உலோகத்தின்மேல் படியும். அது ஓர் உப்பு. கறியுப்புக்கு ஒன்றுவிட்ட சகோதரம். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து, ஈரமும் உப்புமாக இருந்து உருக்கைத் தின்னும். உப்பு எண்ணெயில் கரையாது. உப்பின்மேல் எண்ணெய் பூசினால் உப்பு அங்கேயே இருக்கும், மேலே ஒரு பளபளப்பு வரும், பூசியவருக்கு மனத்திருப்தி வரும், சில நாளில் கறளும் வரும். பிரித்தானியப் படையினர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். .303 லீ-என்பீல்ட் காலத்தில் சுட்டு முடித்ததும் குழலுக்குள் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றுவது ஒரு கிரமம். வெந்நீர் உப்பைக் கழுவும், குழலின் சூடு ஈரத்தை உலர்த்தும், அதன் பிறகுதான் எண்ணெய்த் துணி. சோவியத் போத்தலின் காரக் கரைசலும் இதே வேலைக்குத்தான். கழுவு, உலர்த்து, பிறகு பூசு. எண்ணெய் கடைசியில் வருவது. எங்கள் ஆட்கள் முதலிரண்டையும் விழுங்கிவிட்டுக் கடைசியை மட்டும் பராமரிப்பு என்கிறார்கள்.

வெள்ளவத்தையில் உப்புக்கு வெடிமூட்டி வேண்டியதில்லை, கடலே தருகிறது. கறியுப்பு, காற்றின் சாரீரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை உறிஞ்சிக் கசியும். இங்கே இரவில் அது அந்த எல்லையைத் தாண்டாத நாள் அரிது. மே மாதம் தென்மேல் பருவக்காற்று எழும்பினால் மரைன் டிரைவிலிருந்து காலி வீதிவரை எந்த வீட்டு ஜன்னற் கம்பியையும் விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்க்கலாம். கம்பி, பூட்டு, குளிரூட்டியின் வெளிப்பெட்டி, மோட்டார் சைக்கிள் சங்கிலி, எல்லாவற்றுக்கும் இங்கே ஒரே வைத்தியம்: எண்ணெய், அல்லது கிறீஸ். ஒவ்வொரு வருடமும் அதே பூட்டை மாற்றுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் அதே எண்ணெயைத்தான் விடுகிறார்கள். தெஹிவளைக் கரையில் வள்ளம் இழுப்பவரிடம் போய்க் கேளுங்கள். கரைக்கு வந்ததும் வெளியிணைப்பு இயந்திரத்தை நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உள்ளேயுள்ள உப்பைக் கழுவாமல் அதில் ஒரு சொட்டு எண்ணெய் வைக்கமாட்டார். கடலோடு பிழைப்பவருக்கு எந்த வரிசையில் எதைச் செய்வதென்று தெரியும்.

மகசினுக்குள் எண்ணெய் விடுவதில் இன்னும் இரண்டு கேடு உண்டு. குழலிலோ போல்ட்டிலோ விட்ட எண்ணெய் சுடும்போது வீசி எறியப்படும், எரியும், துணியால் துடைக்கப்படும். மகசின் அடி மூடிய குழி. அதற்குள் போன எண்ணெய் எங்கும் போகாது; சட்டைப் பையின் பஞ்சு, மணல், புகைக்கரி எல்லாவற்றையும் அழைத்துவந்து களிம்பாகி ஸ்பிரிங்கின் மடிப்புகளில் உட்காரும். மற்றது, அந்த எண்ணெய் ரவைமேல் ஏறும். நன்றாக முத்திரையிடப்படாத ரவைகளில் அது வெடிமூட்டிவரை ஊறிச் சென்று அதை நமுத்துப்போகச் செய்யலாம். நனைந்த கோது அறைச் சுவரைப் பிடித்து நிற்காது. வெடியின் அழுத்தம் முழுவதும் போல்ட்டின்மேல் விழும். ஆகவே மகசினின் உட்புறம் உலர்ந்திருக்க வேண்டும். வெளிப்புறத்தில், கடலோரத்தில், எண்ணெய் தோய்ந்த துணியால் ஒருமுறை தடவலாம். ஸ்பிரிங்கில் மட்டும் மிக மெல்லிய பூச்சு இருக்கலாம், பூசியபின் உலர்ந்த துணியால் துடைத்தும் விட வேண்டும். அமெரிக்கப் படை 1968இல் எம்-16 பராமரிப்புக்காகச் சித்திரக்கதை வடிவில் ஒரு கையேடு வெளியிட்டது. வரைந்தவர் புகழ்பெற்ற ஓவியர் வில் ஐஸ்னர். அதிலும் இதே கருத்துத்தான்: ஸ்பிரிங்குக்குக் கொஞ்சம், மிச்சமெல்லாம் உலர்ந்து.

அந்தக் கையேடு ஏன் வேண்டிவந்தது என்பது தனிக்கதை, ஆனால் நமது வாதத்துக்கு மிக வேண்டியது. 1960களின் நடுப்பகுதியில் எம்-16 வியட்நாமுக்குப் போனபோது அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் துவக்கு என்ற பேச்சும் கூடவே போனது. போதிய துடைப்புச் சாமான்கள் போகவில்லை. ரவையின் வெடிமருந்து வகையை மாற்றியிருந்தார்கள். அறைக்குக் குரோமிய முலாம் இல்லை. அந்தக் காட்டு ஈரத்தில் கோதுகள் அறையிலேயே ஒட்டிக்கொண்டன. சுடாத துவக்கைக் கையில் பிடித்தபடி பிள்ளைகள் செத்தார்கள். 1967இல் அமெரிக்கக் காங்கிரசின் துணைக்குழு விசாரிக்க நேர்ந்தது. முலாம் வந்தது, துடைப்புச் சாமான் வந்தது, ஐஸ்னரின் சித்திரமும் வந்தது. பழுது ஒன்றல்ல, பல. ஆனால் "இதற்குப் பராமரிப்பு வேண்டாம்" என்ற அந்த ஒரு வாய்ப்பேச்சு எல்லாப் பழுதையும் இரட்டிப்பாக்கியது. கலாஷ்னிகோவைப் பற்றி நாங்கள் சொல்லித் திரிவதும் அதே பேச்சுத்தான்.

மகசினையே நேராகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டுமென்றால் முதலாம் உலகப் போரின் பிரெஞ்சு இயந்திரத் துவக்கு ஷோஷா இருக்கிறது. இருபது ரவை கொள்ளும் அரைவட்ட மகசின். எத்தனை ரவை மிச்சம் என்று பார்க்க வசதியாக அதன் ஒரு பக்கத்தைத் திறந்தபடி விட்டிருந்தார்கள். பதுங்குகுழிச் சேற்றில் நடந்த போருக்கு, பக்கம் திறந்த மகசின்! மெல்லிய தகரம், அதுவும் இலகுவில் நெளியும். அந்தத் துவக்கின் கெட்ட பெயரில் பெரும்பங்கு அந்தப் பெட்டியால் வந்தது.

எங்களுக்குக் கிட்டிய உதாரணம் இன்சாஸ். இந்தியாவின் இந்தத் துவக்கைத் தயாரித்த இடங்களில் திருச்சிராப்பள்ளிப் படைக்கலத் தொழிற்சாலையும் ஒன்று. 1999 கார்கில் போரின்போது அதன் பிளாஸ்டிக் மகசின்கள் மலைக்குளிரில் வெடிப்பு விட்டதாகச் செய்திகள் வந்தன. 2005 ஓகஸ்டில் நேபாளத்தின் காலிகோட் மாவட்டத்தில் மாவோவாதிகளின் தாக்குதலில் 40க்கு மேற்பட்ட படையினர் இறந்தபோது, இன்சாஸ் சண்டையின் நடுவில் நின்றுபோனது என்று நேபாள இராணுவம் சொன்னது. முறையாகக் கையாளவில்லை, பராமரிக்கவில்லை என்று இந்தியத் தரப்பு திருப்பிச் சொன்னது. இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. வழக்காடிய விதம்தான் எனக்கு வேண்டியது. ஒரு தரப்பு துவக்கு என்றது, மற்றத் தரப்பு ஆள் என்றது. எந்த மகசின், எத்தனையாவது ரவை, விளிம்பு எப்படி இருந்தது என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் எழவேயில்லை.

கொழும்புக்கும் இப்படியொரு கதை உண்டு, நாங்கள் மறந்துவிட்ட கதை. 1942 மே 8ஆம் திகதி இரவு கொக்கோஸ் தீவுகளில் நிலைகொண்டிருந்த இலங்கைக் கோட்டைப் பீரங்கிப் படையினர் சிலர் கிரேஷன் பெர்னாண்டோ என்பவரின் தலைமையில் தங்கள் பிரித்தானிய அதிகாரிகளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். முக்கியமான நேரத்தில் பிரென் துவக்கு சிக்கியது. கிளர்ச்சி விடியுமுன் அடங்கிவிட்டது. பெர்னாண்டோ அதே ஆண்டு ஓகஸ்ட் 5ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார், அடுத்து மேலும் இருவர். அதே மே மாதம் 27ஆம் திகதி, உலகின் மறுபக்கத்தில், பிராக் நகரத் தெரு வளைவில் நாசித் தளபதி ஹைட்ரிக்கின் காருக்கு முன்னே பாய்ந்த செக்கோஸ்லோவாக்கியப் படைவீரர் காப்சிக்கின் ஸ்டென் துவக்கும் சுடாமல் நின்றது; கூட வந்தவர் எறிந்த குண்டுதான் காரியத்தை முடித்தது.

பிரென், ஸ்டென் இரண்டையும் தூக்கியவர்கள் அவற்றின் மகசினை மதித்து நடக்கப் பழக்கப்பட்டவர்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பிரென் மகசினில் முப்பது ரவை கொள்ளும். இருபத்தெட்டோடு நிறுத்துவது வழக்கம். .303 ரவையின் அடியில் புடைத்த விளிம்பு உண்டு. நிரப்பும்போது ஒவ்வொரு ரவையின் அடிவிளிம்பும் அதற்குக் கீழே நிற்கும் ரவையின் விளிம்புக்கு முன்னால் விழ வேண்டும், ஒன்று மாறி விழுந்தாலும் இரண்டும் கொளுவிக்கொண்டு அசையாது. ஸ்டென் மகசினில் 32 கொள்ளும். அதிலும் இரண்டு மூன்று குறைத்தார்கள். இது மகசினை நிரப்பும் கையின் கவனம். எண்ணெய்ப் போத்தல் இதில் எந்த இடத்திலும் வரவில்லை.

ஓய்வு கொடுக்கும் கதைக்கு அதிகம் மினக்கெடத் தேவையில்லை. ஒழுங்காகச் செய்த உருக்கு ஸ்பிரிங், அதன் மீள்தன்மை எல்லைக்குள் அழுத்தப்பட்டபடி இருப்பதால் களைப்பதில்லை. ஆரம்பத்தில் சிறிது தளரும், பிறகு நின்றுவிடும். அதைக் களைக்கச் செய்வது மேலும் கீழுமாக அசைவதுதான். வாராவாரம் ரவையை இறக்கி ஏற்றி "ஓய்வு" கொடுக்கிறவர், அது தாங்கக்கூடிய அசைவுகளில் சிலவற்றை வாராவாரம் செலவழிக்கிறார். உண்மையான எதிரி கறள். கம்பியின் மேற்பரப்பில் கறள் தின்ற ஒரு சிறு குழி போதும். அடுத்தடுத்த அசைவில் வெடிப்பு அங்கிருந்து தொடங்கும். முக்காற் பிழை என்று சொன்னேனே, மிச்சக் கால் இதுதான்: பிளாஸ்டிக் மகசின்களில் நிரம்பிய ரவைகளின் தள்ளுதல் மாதக்கணக்காக வாய் விளிம்பில் விழுந்தால் அந்த விளிம்பு மெல்ல அகலக்கூடும். சில உற்பத்தியாளர்கள் ரவையை அமுக்கிப் பிடிக்கும் மூடி கொடுப்பது அதற்காக. கவலை நியாயமானது, ஸ்பிரிங்கின்மேல் போட்டது தப்பு.

இதையெல்லாம் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் சொன்னபோது, "தம்பி, நாங்கள் முப்பது வருசம் எண்ணெய் போட்டுத்தான் வைச்சனாங்கள், ஒருக்காலும் நிண்டதில்லை" என்றார். அவருடைய அனுபவத்தைப் பொய் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அமைதிக்காலத்துப் பொலிஸ் நிலையத்தில் அந்த மகசின் எத்தனை ரவையை மேலே தள்ளியிருக்கும்? பெட்டியிலிருந்து எடுத்து, துடைத்து, எண்ணெய் பூசி, எண்ணிக் கணக்கெழுதித் திரும்ப வைப்பது பரிசோதனை ஆகாது. சுடாத துவக்கு எதுவும் சிக்கியதில்லை. பரிசோதனையின் பெறுபேறு வேண்டுமென்றால் வடக்கிலிருந்து பத்திரிகைகளில் வருடக்கணக்காக வரும் அந்தச் செய்தியை வாசிக்கலாம்: பொலித்தீனில் சுற்றிப் புதைக்கப்பட்ட ஆயுதங்கள் மீட்பு, "கறள் பிடித்த நிலையில்". எங்கள் கதையின்படி அவையெல்லாம் உதறியதும் சுட்டிருக்க வேண்டும்.

அப்படியானால் சட்டப்படி துவக்கு ஏந்துகிறவர் மகசினுக்கு என்ன செய்ய வேண்டும்? பெரிய வித்தையில்லை. ரவைகளை இறக்கி, அடித்தட்டின் நடுவிலுள்ள பொட்டை அமுக்கிக்கொண்டு தட்டைச் சறுக்கி எடுக்க வேண்டும். ஸ்பிரிங் முகத்துக்குப் பாயாதபடி பெருவிரல் மேலே இருக்க வேண்டும். ஸ்பிரிங் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று பார்த்து வைப்பது முக்கியம், திரும்பப் போடும்போது மாறிப் போடுகிறவர்கள் ஏராளம். உள்ளே உலர்ந்த துணி, மூலைகளுக்குத் தூரிகை. கடற்காற்றில் நின்றதென்றால் நல்ல தண்ணீரில் அலசி, முற்றாக உலரவிட வேண்டும். அரைகுறையாக உலர்த்துவதைவிட அலசாமலே விடலாம். வாய் விளிம்புகள் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். தாங்கு தட்டை விரலால் அடிவரை அமுக்கிவிட்டால் இடையில் தங்காமல் எழும்ப வேண்டும். ஒவ்வொரு மகசினிலும் பெயின்றால் ஓர் இலக்கம் எழுதிவிடுவது எல்லாவற்றிலும் பெரிய வேலை. நான்காம் இலக்கம் இரண்டு முறை சிக்கினால் அதைச் சமாதானப்படுத்தத் தேவையில்லை, தூக்கி வீசலாம். பல படைகள் மகசினைச் செலவுப் பொருளாகவே கணக்கில் வைத்திருக்கின்றன. எங்கள் பழக்கம் வேறு. எதையும் கழிக்க மனம் வராது, வளைந்ததைக் குறட்டால் நிமிர்த்தி, எண்ணெய் விட்டுத் திரும்ப அடுக்கிவிடுவோம்.

இந்த எண்ணெய்ப் பக்தியின் மிகப் பெரிய தீங்கு இன்னும் சொல்லப்படவில்லை. "துப்பாக்கியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது தவறுதலாக வெடித்ததில்" என்று தொடங்கும் செய்தியை இந்த நாட்டில் வாசிக்காதவர் இல்லை. துணியும் எண்ணெயும் துவக்கை வெடிக்கவைப்பதில்லை. பராமரிப்பு என்றால் எண்ணெய் என்று மனத்தில் பதிந்துவிட்டதால், பராமரிப்பின் முதல் வேலை மகசினைக் கழற்றுவது என்பது பின்னுக்குப் போய்விடுகிறது. ரி-56இல் இது எப்படி நடக்கும் என்று பாருங்கள். பாதுகாப்பு நெம்பு மேலே இருந்தால் போல்ட்டை முழுதாகப் பின்னிழுக்க முடியாது. ஆகவே அறையை வெறுமையாக்க நெம்பைக் கீழே இறக்கியே ஆக வேண்டும், அதாவது சுடும் நிலைக்கு. மகசின் கொளுவியபடியே இருக்க ஒருவர் போல்ட்டை இழுக்கிறார். அறையிலிருந்த ரவை வெளியே தெறித்து விழுகிறது. அதைக் கண்ணால் கண்டதும் நிம்மதி. போல்ட் முன்னே போகும்போது மகசினிலிருந்து அடுத்த ரவையை அறைக்குள் ஏற்றிவிட்டது அவருக்குத் தெரியாது. கடைசி ரவை போனதும் போல்ட்டைத் திறந்தபடி நிறுத்தும் அமைப்பும் இந்தத் துவக்கில் கிடையாது, ஆகவே வெளியிலிருந்து பார்க்க நிரம்பியதும் வெறுமையானதும் ஒன்றுபோலத்தான். பிறகு, வெறுமையாகிவிட்டதை உறுதிசெய்ய, விசையை அழுத்துகிறார்.

மகசின் முதலில், போல்ட் இரண்டாவது, அறைக்குள் கண்ணாலும் விரலாலும் பார்ப்பது மூன்றாவது. வரிசை மாறினால் அதே அசைவுகள் ஆளைக் கொல்லும். அந்தச் செய்தியை அடுத்தமுறை எழுதும் நிருபர் பொலிஸ் பேச்சாளரிடம், துணியும் எண்ணெயும் கையில் இருந்தனவா என்று கேட்பதை விட்டுவிட்டு, மகசின் எங்கே இருந்தது என்று கேட்கட்டும்.